கிராஃபிஷ் கடையில் காசைக் கரைக்கும் வழிகள்

அமெரிக்காவில் ஹூஸ்டனுக்குப் புதிதாக வருகிறவர்களைக் கேஜன் கடைக்கு, அதாவது லூசியானா மாநிலச் சமையல் கடைக்கு, கிராஃபிஷ் (நன்னீரில் வளரும், இறால் போன்ற ஓட்டு உயிரி) சாப்பிடக் கூட்டிப்போவது எப்படியோ என் வேலையாகிவிட்டது. சீசனுக்குச் சீசன் ஆட்கள் மாறுகிறார்கள், தவறுகள் மாறுவதில்லை. நாங்கள் வந்த புதிதில் செய்த அதே தவறுகள்தான். கழுத்தில் பிளாஸ்டிக் ஏப்ரனைக் கட்டுங்கள், டிஷ்யூ நிறைய வாங்குங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

விலை கேட்காமல் பவுண்டு கணக்கில் ஆர்டர் செய்வது

பல கடைகளில் மெனுவில் கிராஃபிஷுக்கு நேரே எண் இருக்காது, ‘மார்க்கெட் பிரைஸ்’ என்று மட்டும் போட்டிருக்கும். அதைப் படித்த பிறகும் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். கேட்டால் கஞ்சன் என்று நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம். எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது இதில்தான்.

2024 தொடக்கத்தில், புதிதாக வேலையில் சேர்ந்த தம்பி ஒருவன் எங்களுக்கு ட்ரீட் கொடுத்தான். நான் காரை நிறுத்திவிட்டு உள்ளே வருவதற்குள், “இறால் மாதிரிதானே அண்ணா, ஆளுக்கு மூணு பவுண்டு சொல்லிட்டேன்” என்கிறான். அது எப்பேர்ப்பட்ட சீசன் என்று அவனுக்குத் தெரியாது. லூசியானாவில் கிராஃபிஷ் பெரும்பாலும் நெல் வயலில்தான் வளர்கிறது. அறுவடை முடிந்ததும் இலையுதிர்காலத்தில் வயலில் தண்ணீர் கட்டுவார்கள், மண்ணுக்குள் வளை தோண்டிக் கிடக்கும் தாய்கள் குஞ்சுகளோடு வெளியே வரும். 2023 கோடையில் அடித்த வெயிலிலும் வறட்சியிலும் மண் காய்ந்து, ஏராளமானவை வளைக்குள்ளேயே செத்துப்போயின. விளைவு, 2024 தொடக்கத்தில் கடைகளில் வேகவைத்த கிராஃபிஷ் பவுண்டு 10 டாலரைத் தாண்டியது. பில்லைப் பார்த்த தம்பி அப்புறம் வீடு வரும்வரை பேசவே இல்லை.

விலை பாதிக் கதைதான். அந்தப் பவுண்டு ஓட்டோடும் தலையோடும் சேர்ந்த எடை. ஏறக்குறைய ஏழு பவுண்டு உரித்தால் ஒரு பவுண்டு வால் சதை தேறும். அப்படியென்றால் மூன்று பவுண்டு வாங்கியவர் வாயில் போவது 200 கிராமுக்குச் சற்றுக் குறைவு. அவ்வளவு செலவழித்தும் அன்றைக்குப் பாதிப் பேர் பசியோடு எழுந்தோம்.

அதனால் உட்கார்ந்ததும் இரண்டு கேள்வி கேளுங்கள்: இன்றைக்குப் பவுண்டு என்ன விலை, சைஸ் எப்படி? விலை ஏறியிருந்தால் ருசிக்கு நடுவில் ஒரு தட்டு வைத்துக்கொண்டு, வயிற்றுக்கு கம்போவோ (சோற்றோடு வரும் குழம்பு) வறுத்த கெளுத்தியோ சொல்லுங்கள். தவக்காலத்தில் கத்தோலிக்கர்கள் வெள்ளிக்கிழமை இறைச்சி தொடமாட்டார்கள், இந்தப் பக்கம் வருவார்கள், அந்த நாட்களில் கூட்டமும் விலையும் சேர்ந்து ஏறி நிற்கும். வழக்கமாக ஈஸ்டர் கழிந்தால் இறங்கும். பொறுமை இருந்தால் ஏப்ரல் கடைசி, மே மாதம் போங்கள்.

காரத்தில் வீரம் காட்டுவது

“நாங்க குண்டூர் மிளகாயே சாப்பிடறவங்க” என்று சொல்லி இருப்பதிலேயே அதிகமான கார அளவை மொத்த மேசைக்கும் சொல்வார்கள். லூசியானா முறையில் மசாலா வேகவைக்கும் தண்ணீரில் இருக்கிறது, அடுப்பை அணைத்த பிறகு அதிலேயே ஊறும். ஹூஸ்டனின் வியட்நாமியக் கடைகளில் வெந்த பிறகு பூண்டும் வெண்ணெயும் மசாலாவும் போட்டுப் புரட்டுகிறார்கள். எதுவானாலும் ஒவ்வொன்றாகக் கையால் உரிக்கும்போது காரம் விரலிலும் உதட்டிலும் சேர்ந்துகொண்டே போகும், பக்கத்தில் தயிர்ச்சாதம் கிடையாது. காரம் அதிகம் என்று திருப்பிக் கொடுக்கவும் முடியாது. முதலில் மீடியம், தைரியம் வந்தால் இரண்டாம் தட்டில் காரத்தைக் கூட்டுங்கள்.

கண்ணைத் தொடுவது

உரித்த விரலில் காரம் ஒட்டியிருக்கும். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் அதைக் கழற்றிவிட்டுக் கண்ணாடியோடு வாருங்கள்.

சைவ நண்பரை “சோளமும் உருளைக்கிழங்கும் இருக்கு” என்று அழைத்து வருவது

அந்தச் சோளம் அதே பானையில் வெந்தது. ராஜ்மா போலத் தெரியும் சிவப்பு பீன்ஸ் சோற்றில் பெரும்பாலும் பன்றி இறைச்சி இருக்கும், கம்போவில் கிடக்கும் ஆண்டூயி சாசேஜும் பன்றிதான். ஹலால் பார்ப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. சைவ நண்பருக்கு வேறு கடை பாருங்கள், பாவம்.

நேராக இருக்கும் வாலைத் தூக்கி எறிவது

சமைக்கும் முன்பே செத்தது என்று யாரோ கிளப்பிவிட்ட கதை. பானையில் நெருக்கமாகக் கிடந்தாலும் வால் சுருளாது. சதை கூழாக இருந்தாலோ வாடை வந்தாலோ மட்டும் ஒதுக்குங்கள்.

வேகவைக்காத சிப்பி சாப்பிடுவது

கல்லீரல் நோயோ நீரிழிவோ இருந்தால் வேண்டாம். சுட்டதை வாங்குங்கள், அதுவும் அருமையாகத்தான் இருக்கும்.

செப்டம்பரில் போய் கிராஃபிஷ் கேட்பது

சீசன் ஜூனோடு முடிந்துவிடும். அப்புறம் கிடைப்பது பெரும்பாலும் உறைய வைத்தது. அந்த மாதங்களில் நீல நண்டோ வளைகுடா இறாலோ கேளுங்கள், எட்டூஃபே (சோற்றின் மேல் ஊற்றித் தரும் கெட்டிக் குழம்பு) வேண்டுமென்றால் இறால் போட்டதையே சொல்லுங்கள்.