லவ் பேர்ட் கடிக்கிறதா? கைக்குப் பழக்கும் வழி, படிப்படியாக

நம் ஊர்க் கடைகளில் லவ் பேர்ட்ஸ் கேட்டால் பெரும்பாலும் பட்ஜி என்ற நீள வால் சின்னக் கிளியை எடுத்து நீட்டுவார்கள். இந்தப் பதிவு வால் குட்டையாகவும் அலகு பருமனாகவும் இருக்கும் ஆப்பிரிக்கன் லவ் பேர்டுக்கானது. முகம் சிவந்த பீச் ஃபேஸ், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் உள்ள ஃபிஷர் என்றெல்லாம் வருவது இதுதான். எடை 50 கிராம் சுற்றி இருக்கும். ஆனால் மனது வைத்துக் கடித்தால் ரத்தம் வரும்.

கடித்த பிறகு என்ன செய்வது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அதையும் சொல்கிறேன். ஆனால் நிஜமான வேலை கடிப்பதற்கு முந்தைய சில விநாடிகளில் இருக்கிறது. அங்கே என்ன நடக்கிறது என்று பார்க்கப் பழகினால் பல கடிகளை வராமலே தடுத்துவிடலாம்.

படி 1: முதலில், அது கடிதானா?

கிளி இனத்துக்கு அலகுதான் கை. புதுக் கிளையில் கால் வைக்கும் முன் அலகால் பிடித்து, தாங்குமா என்று பார்த்துவிட்டுத்தான் ஏறும். உங்கள் விரலையும் அப்படித்தான் பிடிக்கிறது. லேசாக அழுத்தும், அவ்வளவுதான். அந்த நேரத்தில் “ஐயோ” என்று கையை இழுத்தால், இந்தக் கிளை ஆடும் என்று அது தெரிந்துகொள்கிறது. கூடவே, அலகைக் காட்டினால் கை ஓடிவிடும் என்றும் தெரிந்துகொள்கிறது. இந்த இரண்டாவதுதான் பின்னால் தொல்லை தரும்.

குஞ்சு என்றால் கண்ணில் பட்டதையெல்லாம் மென்று பார்க்கும். (பீச் ஃபேஸ் குஞ்சுக்கு அலகின் அடியில் கறுப்பு படிந்திருக்கும், வயதைத் தெரிந்துகொள்ள அது ஒரு அடையாளம்.) நகம், மச்சம், கம்மல், சட்டைப் பொத்தான் எதுவும் தப்பாது. இதில் கோபம் எதுவும் இல்லை. விரலை மெதுவாக விலக்கி, கொறிக்க ஒரு குச்சியைக் கொடுங்கள்.

நிஜக் கடி வருவதற்கு முன் உடம்பிலேயே தெரிந்துவிடும். இறகை உடம்போடு ஒட்டவைத்து விறைப்பாக நிமிர்ந்து நிற்கும். இல்லையென்றால் தலையைத் தாழ்த்தி, அலகைத் திறந்து, முன்னால் பாயப் பார்க்கும். சில பறவைகள் பின்னால் நகர்ந்துகொண்டே போய், மூலைக்கு வந்து இனி வழியில்லை என்றதும் கடிக்கும். இதில் எதைப் பார்த்தாலும் கையை அங்கேயே நிறுத்தி, மெதுவாக எடுத்துக்கொள்ளுங்கள். இப்படி விட்டுக்கொடுத்தால் தலைக்கு மேல் ஏறிவிடும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வேண்டாம் என்று உடம்பால் சொன்னதை யாரும் மதிக்காதபோதுதான் பறவை அலகைப் பயன்படுத்துகிறது.

படி 2: ஒரு வாரம் எழுதி வையுங்கள்

எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், நீங்கள் என்ன செய்தபோது கடித்தது, கடித்ததும் என்ன ஆயிற்று. ஒரு பழைய நோட்டில் குறித்தால் போதும். கூண்டைச் சுத்தம் செய்யும்போது மட்டும், இருட்டும் நேரத்தில் மட்டும், வீட்டுக்கு யாராவது வந்தால் மட்டும் என்று ஏதோ ஒன்று திரும்பத் திரும்ப வரும்.

கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். கடித்ததும் கூண்டில் கொண்டுபோய் விட்டீர்கள், அதற்கும் அப்போது கூண்டுக்குத்தான் போக வேண்டியிருந்தது என்றால், வீட்டுக்குப் போக வழி கடிப்பதுதான் என்று நீங்களே சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகிவிடுகிறது.

படி 3: கூண்டு அதன் வீடு

வெளியே சாதுவாக இருக்கும் பறவை கூண்டுக்குள் கை நுழைந்தால் மட்டும் பாயும். இது சகஜம். துரத்திப் பிடித்து வெளியே எடுக்காதீர்கள். கதவைத் திறந்து வைத்து, தானாக வரட்டும் என்று விடுங்கள். தட்டு மாற்றுவது, தண்ணீர் வைப்பது எல்லாம் அது வெளியே இருக்கும்போது. அறையில் விடும் முன் மின்விசிறியை நிறுத்துங்கள், ஜன்னலைச் சாத்துங்கள்.

படி 4: கை வந்தால் தினை வரும்

தினைக் கதிர் கிடைத்தால் வாங்கி வையுங்கள். லவ் பேர்டுக்கு அதன்மேல் தனி ஆசை. கதிர் கிடைக்காவிட்டால் நீளக் காம்புள்ள கரண்டியில் தினை போதும். அன்றாடத் தீனியிலிருந்து தினையை எடுத்துவிட்டு, பழக்கும் நேரத்துக்கு மட்டும் ஒதுக்குங்கள். காலையில் தீனிக் கிண்ணம் வைப்பதற்குச் சற்று முன் பழக்குவது நல்லது. அதற்காகப் பட்டினி போடக் கூடாது. சின்ன உடம்பு, தாங்காது.

ஆரம்பத்தில் கம்பி வழியாக, கதிரின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு மறு நுனியை நீட்டுங்கள். முதல் நாள் வராமலே போகலாம். பரவாயில்லை, எடுத்து வைத்துவிட்டு அடுத்த வேளை வாருங்கள். பயமில்லாமல் கொறிக்க ஆரம்பித்ததும் கொஞ்சம் கொஞ்சமாகக் கதிரைச் சுருக்கிப் பிடியுங்கள், அலகுக்கும் விரலுக்கும் இடைவெளி குறையட்டும். அப்புறம் கதவைத் திறந்து வாசலில் நீட்டலாம். அதற்குப் பிறகு உள்ளங்கையில் தினை. ஒரு கட்டத்தில் இறகு தளர்ந்து நிம்மதியாகத் தின்றால்தான் அடுத்ததற்குப் போக வேண்டும். பின்வாங்கினால் நீங்களும் ஒரு கட்டம் பின்வாங்குங்கள். ஐந்து நிமிடம், ஒரு நாளைக்கு இரண்டு வேளை போதும். கையில் ஊட்டி வளர்த்த குஞ்சு சில நாட்களில் வந்துவிடும். கடையில் வலை போட்டுப் பிடித்துக் கொடுத்த வளர்ந்த பறவைக்கு மாதக்கணக்கில்கூட ஆகலாம்.

படி 5: விரலில் ஏற்றுவது

கால்களுக்குச் சற்று மேலே, அடிவயிற்றுக்கு நேராக விரலைக் குறுக்கே நீட்டி “ஏறு” என்று சொல்லுங்கள். விரல் ஆடக் கூடாது. ஏறியதும் ஒரு கொறிப்பு கொடுத்து, உடனே மறுபடி கிளையில் இறக்கிவிடுங்கள். விரலில் ஏறினால் விளையாட்டு முடிந்துவிடாது என்று அதற்குத் தெரிய வேண்டும். விரலைக் கண்டாலே மிரண்டால் முதலில் ஒரு குச்சியில் ஏறப் பழக்கி, குச்சியைப் பிடிக்கும் கையை நாளுக்கு நாள் நகர்த்திக் கிட்டே கொண்டுவாருங்கள். தோளில் ஏற்றுவதை மட்டும் கொஞ்ச காலம் தள்ளிப்போடுங்கள். அங்கே உட்கார்ந்தால் அது என்ன நினைக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது, காது மட்டும் அதற்குத் தெரியும்.

கடித்தே விட்டால்

கத்தாதீர்கள், கையை உதறாதீர்கள். சத்தம் போட்டால் சில பறவைகளுக்கு அது வேடிக்கை, சிலதுக்குப் பயம். சத்தமில்லாமல் பக்கத்திலிருக்கும் மேசையிலோ கிளையிலோ இறக்கிவிட்டு, பத்து விநாடி முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். பிறகு அதற்குச் சுலபமான ஏதாவது ஒன்றைச் செய்யவைத்து முடியுங்கள். அலகில் சுண்டுவது, முகத்தில் ஊதுவது, தண்ணீர் தெளிப்பது எதையும் செய்யாதீர்கள். கைமேல் இருக்கும் வெறுப்பு கூடுவதுதான் மிச்சம். தடித்த கையுறையும் அப்படித்தான்.

காயத்தைச் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். பறவை கடித்தால் வெறிநோய் வருமா என்று பயப்பட வேண்டாம், அது பாலூட்டிகள் பரப்பும் நோய். ஆழமாகக் கிழிந்தாலோ, வீங்கிச் சிவந்தாலோ டாக்டரைப் பாருங்கள், டி.டி. ஊசி தேவையா என்றும் கேளுங்கள்.

திடீரென்று கடிக்க ஆரம்பித்தால்

நன்றாகப் பழகிய பறவை ஒரு நாள் திடீரென்று பாய்ந்தால், பெரும்பாலும் காரணம் இனப்பெருக்கப் பருவம். பெண் பறவைதான் இதில் கடுமை. பேப்பரை நீள நீளமாகக் கத்தரித்து வால் பக்கத்து இறகில் செருகிக்கொண்டு அலைகிறதா? அது பீச் ஃபேஸ் பெட்டை கூடு கட்டும் விதம். அந்த நேரத்தில் கூண்டுக்குள் வரும் எதுவும் அதற்கு எதிரிதான்.

குஞ்சு எடுக்கும் எண்ணம் இல்லையென்றால் கூண்டில் பானை, மரப்பெட்டி, துணிக் குடில் எதுவும் வேண்டாம். கடைக்காரர் கூண்டோடு சேர்த்தே பானையைக் கட்டிக்கொடுப்பார், வாங்கி வந்து கழற்றிவிடுங்கள். இரவு 10 முதல் 12 மணி நேரம் இருட்டும் அமைதியும் கிடைக்க வேண்டும். டிவி ஓடும் ஹாலில் பதினொரு மணி வரை லைட் எரிந்தால் பறவைக்கு அது நீண்ட பகல், அதுவே முட்டையிடத் தூண்டும். முதுகையும் இறக்கைக்கு அடியிலும் தடவாதீர்கள். தலையும் கழுத்தும் மட்டும் போதும்.

இறகு உதிர்ந்து புது முள்ளிறகு முளைக்கும் நாட்களில் தொட்டாலே வலிக்கும். அப்போது விட்டுவிடுங்கள், சில வாரங்களில் சரியாகிவிடும். ஆனால் இறகை உப்பவைத்துக்கொண்டு தூங்கி வழிந்தாலோ, எச்சத்தின் நிறம் மாறினாலோ, தீனி குறைந்தாலோ பயிற்சியை நிறுத்திவிட்டுப் பறவைகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் அன்றே போங்கள். பறவைகள் நோயை முடிந்தவரை மறைக்கும்.

அலகுக்கு வேலை கொடுங்கள்

முருங்கைக் குச்சி, வேப்பங்குச்சி, கொய்யாக் கிளை, தென்னை ஓலை. மருந்து தெளிக்காததாக இருக்கட்டும், கழுவித் தொங்கவிடுங்கள். கிழித்துத் தள்ளட்டும்.

ஜோடி சேர்த்தால் கடி நிற்குமா?

நிறையப் பேர் கேட்கும் கேள்வி. நிற்காது. இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் உங்கள்மேல் இருக்கும் ஆர்வம் குறையலாம், கூண்டைக் காப்பதும் கூடலாம். நாள் முழுக்க வீட்டில் ஆள் இல்லை, அது தனியாக வாடுகிறது என்றால் துணை வாங்குங்கள், அது நியாயமான காரணம். புதுப் பறவையை ஒரு மாதமாவது வேறு அறையில் வைத்துப் பார்த்துவிட்டு, பிறகு கூண்டுகளைக் கால் எட்டாத தூரத்தில் பக்கத்தில் வையுங்கள். பட்ஜியோடு ஒரே கூண்டில் மட்டும் போட்டுவிடாதீர்கள். லவ் பேர்ட் அதன் கால் விரலைக் கடித்து எடுத்துவிடும்.