முதலில் சீட், கடைசியில் கண்ணாடி: கார் ஓட்டப் பழகுபவர்களுக்கு

கண் இருக்கும் இடம் இரண்டு அங்குலம் மாறினால் கண்ணாடியில் தெரிவதும் மாறிவிடும். அதனால் சீட்டை முடிக்காமல் கண்ணாடியைத் தொடாதீர்கள். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

1. முன்பின் தூரம்: இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி ஒட்டி உட்கார்ந்து கிளச்சை முழுக்க மிதியுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் பிரேக்கை. அப்போதும் முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். சீட்டை நகர்த்தப் பிடித்த அடிக் கம்பியை விட்டதும் உடம்பை ஒருமுறை உலுக்கிப் பாருங்கள். சீட் நகரும் தண்டவாளத்தில் சில்லறைக் காசு சிக்கியிருந்தால் ஒரு பக்கம் மட்டும் பூட்டும். பிரேக் அடிக்கும்போது சீட் நழுவும்.

2. சாய்வு: தோள் சீட்டில் ஒட்டியிருக்க, நீட்டிய கையின் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியில் படிய வேண்டும். நெஞ்சுக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவே 25 செ.மீ. இருக்கட்டும், ஏர்பேக் விரிய அந்த இடம் தேவை.

3. உயரம்: தலைக்கும் கூரைக்கும் நடுவே ஒரு கை முஷ்டி நுழைந்தால் போதும். பல கார்களில் நெம்புகோலை அடித்து உயர்த்தும்போது சீட் வளைவாக எழுந்து கொஞ்சம் முன்னாலும் வரும். ஆகவே முதல் படியை மறுபடி சரிபாருங்கள். உயர வசதி இல்லாத காருக்கு, சீட் முழுவதும் பரவும் கெட்டியான ஃபோம் வாங்குங்கள். மணி கோத்த விரிப்பு வேண்டவே வேண்டாம், அதில் உடம்பு வழுக்கும்.

4. உள் கண்ணாடி: கீழே உள்ள குட்டி நெம்பைப் பகல் நிலையில் வைத்துவிட்டுத்தான் திருப்ப வேண்டும். இந்தக் கண்ணாடி ஆப்பு வடிவம். ரசம் பூசியது பின்பக்கம். இரவில் நெம்பைத் தட்டினால் ரசப் பிம்பம் கூரைப் பக்கம் போய்விடும், முன்பக்க வெறும் கண்ணாடி தரும் ஏறக்குறைய 4 சதவீத ஒளி மட்டும் கண்ணுக்கு வரும். இரவு நிலையில் வைத்துச் சரிசெய்தால் பகலில் பின்சாலை தெரியாது.

5. பக்கக் கண்ணாடிகள்: பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். சொந்தக் காரின் கதவு கண்ணாடியில் கால்வாசி தெரியும்படி வைக்கிறார்கள். உள் கண்ணாடி காட்டியதையே அது மறுபடி காட்டும். பக்கத்தில் வரும் பைக் மறைந்துபோகும். 1995-இல் ஜார்ஜ் பிளாட்சர் என்ற அமெரிக்கப் பொறியாளர் முன்வைத்த முறையை நம் வலப்பக்க ஸ்டீயரிங்குக்கு மாற்றினால் இப்படி வரும். வலது கண்ணாடிக்கு, தலையை வலது ஜன்னலில் ஒட்டும் அளவு சாய்த்து, காரின் விளிம்பு மட்டும் மெல்லத் தெரியும்வரை கண்ணாடியை வெளியே திருப்புங்கள். இடது கண்ணாடிக்கு, தலையைக் காரின் நடுக்கோட்டுக்கு, அதாவது ஹேண்ட்பிரேக்குக்கு நேர்மேலே, கொண்டுபோய் அதையே செய்யுங்கள். நிமிர்ந்து உட்கார்ந்தால் சொந்தக் கார் தெரியாது. தெரியக் கூடாது.

சோதனை: சாலையோரம் நின்று, உங்களைக் கடக்கும் வண்டியைக் கவனியுங்கள். உள் கண்ணாடியை விட்டுப் போகுமுன் வலது கண்ணாடியில் வர வேண்டும்; அதை விடுமுன் ஓரக்கண்ணில் பட வேண்டும். வலது கண்ணாடிக்கும் ஓரக்கண்ணுக்கும் நடுவில் காணாமல் போனால் கண்ணாடியை இன்னும் கொஞ்சம் வெளியே திருப்புங்கள். இவ்வளவு செய்தாலும் லேன் மாறுமுன் தோளுக்கு மேல் ஒரு பார்வை அவசியம். குவிந்த பக்கக் கண்ணாடியில் வண்டி தள்ளி இருப்பதுபோலத் தெரியும், தூரத்தை உள் கண்ணாடியில் பார்த்து முடிவு செய்யுங்கள்.

பிற்சேர்க்கை: சந்தில் ரிவர்ஸ் எடுக்கும்போது கார் ஓரம் தெரியவில்லை என்று பலர் கேட்கிறார்கள். கண்ணாடியைத் திருப்ப வேண்டாம். சரிசெய்யும்போது சாய்ந்த அதே பக்கம் தலையைச் சாய்த்தால் ஓரம் திரும்பத் தெரியும்.