விருந்துக்கு முந்தைய நாளே லசான்யா
பெரிய விருந்துக்கு, மாவுத் தகடுகளுக்கு இடையே குழம்பும் சாஸும் அடுக்கிச் சுடும் இத்தாலிய உணவான லசான்யாவை முந்தைய நாளே அடுக்கிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுவது நல்லது. இரவில் மாவுத் தகடுகள் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால், இத்தாலியின் பொலோன்யா நகர முறைப்படி மெதுவாக வேகவைக்கும் இறைச்சிக் குழம்பையும், வெண்ணெய், மைதா, பால் சேர்த்துக் காய்ச்சும் பெஷமெல் சாஸையும் வழக்கத்தைவிடச் சற்றுத் தளர்வாக, கரண்டியிலிருந்து தாராளமாக வழியும் பதத்தில் இறக்க வேண்டும்.

9-க்கு 13 அங்குலத் தட்டு ஒன்று ஏறத்தாழ 12 பேருக்குப் போதும். முப்பது பேர் என்றால் மூன்று தட்டுகளாகச் செய்யுங்கள். ஒரே ஆழமான பாத்திரத்தில் அடுக்கினால் ஓரம் கருகத் தொடங்கினாலும் நடுப்பகுதி சூடேறாது.

குழம்பும் பெஷமெல்லும் ஆறிய பிறகே அடுக்க வேண்டும். கடைசி அடுக்கில் பெஷமெல்லைத் தகட்டின் மூலைகள்வரை பூசுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மூலை அடுப்பில் அப்பளம்போல் முறுகிவிடும். அதன்மேல் துருவிய பார்மிஜானோ சீஸைத் தூவி, இறுக மூடிக் குளிரில் வைக்கலாம்.

மறுநாள் அரை மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வையுங்கள். குளிர்ந்த கண்ணாடித் தட்டு சூடான ஓவனில் விரிசல் விடக்கூடும். 190 டிகிரி செல்சியஸில் அலுமினியத் தாளால் மூடி 45 நிமிடமும், திறந்து 15 நிமிடமும் வேகவிட்டு, நடுப்பகுதி 74 டிகிரியை எட்டியதை உறுதிசெய்தபின், அடுக்குகள் சரியாமல் இருக்க 15 நிமிடம் ஆறவிட்டு வெட்டுங்கள்.