பதில் யாருக்குப் போகும்? செயலியிலிருந்து மெயில் அனுப்புகிறவர்களுக்கு

பாடம் எடுப்பவர்களும் படிப்பவர்களும் நேரம் குறித்துக்கொள்ளும் ஒரு சின்னச் செயலி எங்களுடையது. அதில் மெயில் அனுப்பும் பகுதியை முதலில் எழுதியவன் நான். மாணவர் கேள்வி கேட்டால் ஆசிரியருக்கு மெயில் போக வேண்டும். ஆசிரியர் பதில் பொத்தானை அழுத்தினால் அது மாணவருக்கே போக வேண்டும். இதற்கு எனக்குத் தோன்றிய வழி, மாணவரின் முகவரியையே எடுத்து, அனுப்பியவர் யார் என்று காட்டும் ஃப்ரம் வரியில் போட்டுவிடுவது. ஐந்து நிமிட வேலை. சோதித்தபோது அருமையாக ஓடியது. சோதித்தது என் முகவரியிலிருந்து என் முகவரிக்கே என்பதை அப்போது நினைத்துப் பார்க்கவில்லை.

சில மாதம் கழித்து ஓர் ஆசிரியர், "இரண்டு வாரமாக யாருமே எதுவும் கேட்கவில்லையே, செயலியை மூடிவிட்டீர்களா?" என்று கேட்டார். தரவுத்தளத்தைத் திறந்தேன். அவருக்கு 17 கேள்விகள் போயிருந்தன. ஒன்றுகூடச் சேரவில்லை. சேரவில்லை என்ற தகவலாவது எனக்கு வந்திருக்க வேண்டுமே? வரவில்லை. அந்த அறிவிப்புகள் எல்லாம் கேள்வி கேட்ட மாணவர்களுக்குப் போயிருக்கின்றன. தாங்கள் அனுப்பாத மெயில் ஒன்று திரும்பி வந்தால் யார்தான் படிப்பார்கள்? ஸ்பேம் என்று அழித்திருப்பார்கள்.

அன்றிலிருந்து, மெயில் தொடர்பாக ஒரு வரி நிரல் எழுதுவதற்கு முன்னும் மூன்று கேள்விகளைத் தாளில் எழுதிக்கொள்கிறேன். இதை அனுப்புவது யார்? பதில் யாருக்குப் போக வேண்டும்? சேராமல் போனால் யாருக்குத் தெரிய வேண்டும்? மனிதர் கையால் எழுதும் மெயிலில் மூன்றுக்கும் விடை ஒரே ஆள். செயலி அனுப்பும் மெயிலில் பெரும்பாலும் மூன்று வேறு ஆட்கள்.

உறை வேறு, கடிதம் வேறு

மெயில் என்பது உறையில் போட்ட கடிதம். கடிதத்தின் தலைப்பில் இருப்பது ஃப்ரம். படிப்பவர் கண்ணில் படுவது அதுதான். உறைமேல் இருப்பது வேறு. ஒரு சர்வர் இன்னொரு சர்வரிடம் மெயிலை ஒப்படைக்கும்போது 'மெயில் ஃப்ரம்' என்று ஒரு முகவரியைச் சொல்லும். சேராத மெயில் பற்றிய அறிவிப்பு அந்த முகவரிக்குத்தான் போகும். வந்து சேர்ந்த மெயிலில் அது ரிட்டர்ன்-பாத் என்ற வரியாக ஒளிந்திருக்கும். 1982-இல் வந்த விதிகளிலேயே கடிதத்துக்கு ஓர் ஆவணம், உறைக்கு ஓர் ஆவணம் என்று தனித்தனியாக வைத்துவிட்டார்கள். நான்தான் இரண்டிலும் ஒரே முகவரியைத் திணித்தேன்.

மூன்று கேள்விகளுக்கும் இப்போது எங்கள் செயலியில் உள்ள விடை இது. ஃப்ரம் வரியில் எப்போதும் எங்கள் டொமைன் (முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர்) கொண்ட முகவரி. அதோடு காட்டும் பெயரில் மட்டும் மாணவரின் பெயரும் 'செயலி வழியாக' என்ற சொற்களும். பதில் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் ரிப்ளை-டு வரியில் மாணவரின் முகவரி. உறைமேல், ஒவ்வொரு மெயிலுக்கும் ஓர் அடையாள எண் சேர்ந்த எங்கள் முகவரி. அந்த எண் இருப்பதால், அறிவிப்பு எவ்வளவு குழப்பமான வடிவில் திரும்பி வந்தாலும் எந்த மெயில் சேரவில்லை என்று முகவரியைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். நிரந்தரமாகச் சேராத முகவரிக்கு மறுபடி மறுபடி அனுப்பாதீர்கள். உங்கள் டொமைனின் பெயர்தான் கெடும்.

மற்றவர் முகவரியை ஃப்ரம் வரியில் போடுவது ஒரு காலத்தில் சகஜமாக நடந்தது. தடுக்க யாரும் இல்லை. இப்போது மூன்று காவலர்கள் இருக்கிறார்கள். எஸ்.பி.எஃப். என்பது, இந்த டொமைன் பெயரில் அனுப்ப எந்த சர்வர்களுக்கு அனுமதி என்று டி.என்.எஸ்.-இல், அதாவது டொமைன்களின் பொதுப் பதிவேட்டில், எழுதி வைக்கும் பட்டியல். அது பார்ப்பது உறைமேல் உள்ள முகவரியை. டிகிம் என்பது கடிதத்திலேயே போடும் டிஜிட்டல் கையொப்பம். டிமார்க் இந்த இரண்டையும் ஃப்ரம் வரியோடு பொருத்திப் பார்க்கிறது: இரண்டில் ஒன்றாவது தேற வேண்டும், அப்படித் தேறிய டொமைனும் ஃப்ரம் வரியில் உள்ள டொமைனும் ஒன்றாக இருக்க வேண்டும். 2014 ஏப்ரலில் யாஹூ, தன் முகவரிகளின் பெயரில் வெளியார் அனுப்பும் மெயிலை நிராகரிக்கச் சொல்லி டிமார்க் அறிவித்தபோது உலகெங்கும் குழு மெயில்கள் தடுமாறின. 2024 பிப்ரவரியிலிருந்து, ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5,000-க்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு மூன்றும் கட்டாயம். நீங்கள் 50 மெயில்தான் அனுப்புகிறீர்கள் என்றாலும் மூன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். எஸ்.பி.எஃப். பட்டியலில் மட்டும் ஒரு கண் இருக்கட்டும். அதைச் சரிபார்க்கும்போது 10 டி.என்.எஸ். தேடல்களுக்கு மேல் போனால் பட்டியல் முழுவதுமே செல்லாது. ஆளுக்கொரு சேவையைச் சேர்த்துக்கொண்டே போகும் அலுவலகங்களில் இது சத்தமில்லாமல் நடக்கும்.

இன்னொன்று, பெயர்ப் பெட்டியில் மாணவர் தட்டியதை அப்படியே ஹெட்டரில் (ஃப்ரம் போன்ற தலைப்பு வரிகளில்) ஒட்டாதீர்கள். வரி முறிப்புக் குறி ஒன்றை நுழைத்து, நீங்கள் எழுதாத ஹெட்டரை ஒருவர் எழுதிவிடலாம். தமிழ்ப் பெயர் என்றால் அதைக் குறியாக்கி அனுப்ப வேண்டியிருக்கும். மெயில் அனுப்புவதற்கென்றே உள்ள நல்ல நிரல் நூலகம் இரண்டையும் பார்த்துக்கொள்ளும். கையால் ஹெட்டர் கட்டுவது வீண் வேலை, எனக்கு அதில் அனுபவம் உண்டு.

'நோ-ரிப்ளை' முகவரி எனக்குப் பிடிக்காது. கேள்வி இருப்பவர் அதற்கும் பதில் எழுதத்தான் செய்கிறார்; நாம் படிப்பதில்லை, அவ்வளவுதான்.

கைமாறிப் போகும் மெயில்

இத்தனையும் செய்த பிறகும் ஒருவருக்கு மட்டும் மெயில் போகவில்லை. அவர் தன் அலுவலக முகவரிக்கு வருவதை எல்லாம் சொந்த முகவரிக்குத் தானாகத் திருப்பிவிட்டிருந்தார். இடையில் இருக்கும் சர்வர் நம் மெயிலை நம் உறையோடு மேலே அனுப்புகிறது. கடைசியில் வாங்கும் சர்வர் நம் பட்டியலைப் பார்க்கிறது. இடைப்பட்ட சர்வரின் பெயர் அதில் இல்லை. எஸ்.பி.எஃப். விழுந்தது. சில இடைச் சர்வர்கள் உறை முகவரியைத் தங்கள் டொமைனுக்கு மாற்றி எழுதும். அப்போது எஸ்.பி.எஃப். தேறும், ஆனால் ஃப்ரம் வரியோடு பொருந்தாது. ஆக, கைமாறும் மெயிலைக் காப்பாற்றுவது டிகிம் ஒன்றுதான். கையொப்பம் கடிதத்திலேயே இருப்பதால் எத்தனை கை மாறினாலும் கூடவே போகும். இடையில் யாராவது பொருள் வரியில் அடைமொழி சேர்த்தாலோ அடியில் ஒரு குறிப்பை ஒட்டினாலோ மட்டும் உடைந்துவிடும்.

எங்களிடம் டிகிம் இருந்தது. ஆனால் மெயில் சேவை தன் டொமைன் பெயரில் கையொப்பமிட்டுக்கொண்டிருந்தது. எங்கள் டொமைனின் கையொப்பத்தைச் சரிபார்க்க உதவும் சாவியை நான் டி.என்.எஸ்.-இல் ஏற்றவே இல்லை. நேரடியாகப் போன மெயில்கள் எஸ்.பி.எஃப். தயவில் தேறியதால் இந்த ஓட்டை வெளியே தெரியவில்லை.

செயலியே மெயிலை வாங்கிக் கைமாற்றுவது இன்னொரு கதை. உதவி முகவரிக்கு வருவதை எங்கள் குழுவினர் மூவருக்கும் அனுப்ப வேண்டியிருந்தது. வந்ததை அப்படியே தள்ளிவிடத்தான் கை துடிக்கும். செய்யாதீர்கள். புதிய மெயில் ஒன்றை எழுதி, எங்கள் ஃப்ரம், எழுதியவரின் ரிப்ளை-டு என்று வைத்து, மூல மெயிலை உள்ளே மேற்கோளாகவோ இணைப்பாகவோ சேர்ப்பதுதான் எங்கள் வழக்கம்.

அப்புறம் சுழல். குழுவில் ஒருவர் விடுப்பில் போகும்போது தானியங்கிப் பதில் வைத்துவிட்டுப் போனார். எங்கள் உதவி முகவரியும் வரும் ஒவ்வொரு மெயிலுக்கும் 'கிடைத்தது, நன்றி' என்று பதில் சொல்லும். இரவு முழுவதும் இரண்டு இயந்திரங்களும் ஒன்றுக்கொன்று மரியாதை செய்துகொண்டே இருந்தன. காலையில் பெட்டியில் 2,000-க்கு மேல் மெயில். தானாக அனுப்பும் மெயிலில் ஆட்டோ-சப்மிட்டட் என்ற ஹெட்டர் போட வேண்டும்; அந்த ஹெட்டரோடு வந்த எதற்கும், உறை முகவரி காலியாக இருக்கும் எதற்கும் தானாகப் பதில் அனுப்பக் கூடாது. 2004-லேயே விதியாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் எல்லாரும் அதைப் பின்பற்றுவார்கள் என்று நம்பி உட்கார முடியாது. ஒரே முகவரிக்கு ஒரு நாளில் ஒரு தானியங்கிப் பதில்தான் என்று நாமும் ஒரு வரம்பு வைத்துக்கொள்வது நல்லது.

அழைப்புகள்

நாள்காட்டி அழைப்பில் நான் செய்த தவறுகள் வரிசையாக வந்தன. முதலில், வகுப்பு நேரம் மாறியபோது புதிய அழைப்பு அனுப்பினேன். மாணவரின் நாள்காட்டியில் இரண்டு வகுப்புகள். ஒரு நிகழ்வுக்குத் தரும் தனி அடையாளமான யு.ஐ.டி. அதன் ஆயுள் முழுக்க மாறக் கூடாது; நேரம் மாறினால் அதே யு.ஐ.டி.யோடு, எத்தனையாவது திருத்தம் என்று சொல்லும் சீக்வென்ஸ் எண்ணை ஒன்று கூட்டி அனுப்ப வேண்டும். அடுத்து, வகுப்பை ரத்து செய்ததாக வெறும் மெயில் அனுப்பினேன். நாள்காட்டியில் வகுப்பு அசையாமல் நின்றது, இரண்டு மாணவர்கள் இல்லாத வகுப்புக்குக் காத்திருந்தார்கள். ரத்தையும் அதே யு.ஐ.டி.யோடு, 'கேன்சல்' என்ற மெத்தடில் (செய்தி எந்த வகை என்று சொல்லும் வரி அது) நாள்காட்டி வடிவிலேயே அனுப்ப வேண்டும். மூன்றாவது, தலைப்புகளில் நடுநடுவே சிதைந்த எழுத்துகள். அந்த வடிவில் ஒரு வரி 75 பைட்டுக்குள் இருக்க வேண்டும், நீண்டால் மடிக்க வேண்டும். 'தமிழ்' என்ற சொல்லே 15 பைட். என் நிரல் பைட்டை எண்ணி, எழுத்தின் நடுவில் வெட்டிக்கொண்டிருந்தது.

இவை எல்லாம் ஒரு மாலையில் திருத்திவிடக்கூடியவை. திருத்தக் கஷ்டமானது, அழைத்தவர் யார் என்று சொல்லும் ஆர்கனைசர் வரி. 'வருகிறேன்', 'வரவில்லை' என்று மாணவர் அழுத்தும் பொத்தான், அந்த வரியில் உள்ள முகவரிக்கு ஒரு மெயிலாகத்தான் போகிறது. நமது இரண்டாவது கேள்விதான் இங்கேயும். முதலில் நான் போட்டிருந்தது யாரும் திறக்காத முகவரி. சம்மதங்கள் எல்லாம் கிணற்றில் போட்ட கல். பிறகு ஆசிரியரின் முகவரியைப் போட்டேன். பதில் அவருக்கே போயிற்று, செயலிக்கு ஒன்றும் தெரியவில்லை. போதாக்குறைக்கு, அதே அழைப்பு ஆசிரியரிடம் போனபோது அவர் பயன்படுத்தும் மெயில் நிரல், அழைத்தவரே நீங்கள்தானே என்று ஏற்கும் பொத்தானையே காட்டவில்லை. இப்போது ஆர்கனைசர், நிகழ்வு எண் சேர்ந்த எங்கள் முகவரி. பெயர் மட்டும் ஆசிரியருடையது. வரும் பதிலைச் செயலி படித்து அவருக்குச் சொல்கிறது.

மாணவர் அந்த அழைப்பை நண்பருக்கு அனுப்ப, நண்பர் 'வருகிறேன்' என்று அழுத்தினால்? பட்டியலில் இல்லாத முகவரியிலிருந்து சம்மதம் வந்து நிற்கும். விதி ஆவணமே இவரை அழையா விருந்தாளி என்ற பொருளில்தான் குறிப்பிடுகிறது. சேர்ப்பதா வேண்டாமா என்பது அழைத்தவர் முடிவு. நாங்கள் ஆசிரியரிடம் கேட்டுவிடுகிறோம்.

செயலியில் சேரச் சொல்லும் அழைப்பு வேறு வகை. 'இன்னார் உங்களை அழைக்கிறார்' என்ற மெயில், முகம் தெரியாதவருக்கு நம் டொமைன் பெயரில் போகிறது. ஒரு வாரயிறுதியில் யாரோ கணக்கு தொடங்கி, பெயர்ப் பெட்டியில் பரிசு விழுந்ததாக ஒரு வாக்கியத்தையும் இணைப்பையும் எழுதி, நூற்றுக்கணக்கானவர்களை 'அழைத்துவிட்டார்'. எங்கள் கையொப்பத்தோடு, எல்லாக் காவலர்களையும் தாண்டி, அசல் ஸ்பேம். இப்போது பெயருக்கு 40 எழுத்து வரம்பு, இணைப்பு போலத் தெரியும் எதுவும் ஏற்கப்படாது, புதுக் கணக்குக்கு ஒரு நாளில் 5 அழைப்பு. நினைவூட்டல் ஒரே ஒரு முறை. 'இனி அனுப்ப வேண்டாம்' என்ற இணைப்பு ஒவ்வோர் அழைப்பிலும்.

அழைப்பில் உள்ள இணைப்பைத் திறந்த உடனேயே ஏற்றதாகக் கொள்ளாதீர்கள். சில அலுவலகங்களில் பாதுகாப்பு மென்பொருள் வரும் இணைப்புகளை எல்லாம் தானே திறந்து பார்க்கும். ஒருமுறை மட்டும் செல்லும் இணைப்பு, ஆள் பார்க்கும் முன்பே தீர்ந்துபோகும். இணைப்பு ஒரு பக்கத்தைக் காட்டட்டும், அதில் உள்ள பொத்தானை மனிதர் அழுத்தட்டும்.

அழைக்கப்பட்ட முகவரியும் சேருபவரின் முகவரியும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டுமா? நான் முதலில் கறாராக இருந்தேன். மெயிலைத் திருப்பிவிட்டிருந்த அந்த மனிதர், சொந்த முகவரியில் அழைப்பைப் படித்து, அதே முகவரியில் பதிவு செய்யப் பார்த்து, வெளியே நிற்க வேண்டியதாயிற்று. சாதாரண மாணவர் கணக்கு என்றால் இப்போது விட்டுவிடுகிறோம். எந்த முகவரியில் சேர்ந்தார் என்று அழைத்தவருக்குச் சொல்லிவிடுகிறோம். நிர்வாகி உரிமை தரும் அழைப்பு என்றால் மட்டும் அழைக்கப்பட்ட முகவரிக்கே ஒரு குறியீட்டை அனுப்பிக் கேட்கிறோம்.

சோதிப்பதற்கு மெயில்பிட் போன்ற ஒன்றைக் கணினியில் ஓடவிடுங்கள். வெளியே போகாமல் எல்லாவற்றையும் பிடித்து வைத்துக் காட்டும். ஆனால் அது காவலர்களைப் பற்றி ஒன்றும் சொல்லாது. வெளியிடும் முன் உண்மையான முகவரிகள் மூன்றுக்கு அனுப்பிப் பாருங்கள்: ஒரு ஜிமெயில், வேறு நிறுவனத்தின் முகவரி ஒன்று, இன்னொரு பெட்டிக்குத் திருப்பிவிட்ட முகவரி ஒன்று. ஜிமெயிலில் அசல் மெயிலைக் காட்டச் சொன்னால் மூன்று சோதனைகளின் முடிவும் மேலேயே இருக்கும். பிறகு இல்லாத முகவரி ஒன்றுக்கு அனுப்பி, அறிவிப்பு எங்கே வந்து விழுகிறது என்று தேடுங்கள். கடைசியாக, வந்த ஒவ்வொரு மெயிலிலும் பதில் பொத்தானை அழுத்தி, பெறுநர் பெட்டியில் யார் முகவரி ஏறுகிறது என்று பாருங்கள். போன மாதம் புதிய அறிவிப்பு ஒன்றை வெளியிடும்போது அந்தப் பெட்டியில் என் சொந்த முகவரி இருந்தது.