ஃபாரின் சப்ளையர்கிட்ட சாம்பிள் வாங்குறப்போ பண்ணக்கூடாத தப்புங்க

சென்னைல ஈவ்னிங் பஜார், கோவிந்தப்ப நாயக்கன் தெரு, என்எஸ்சி போஸ் ரோடு பக்கம் ஹோல்சேல் பண்றவங்க, இல்ல வண்ணாரப்பேட்டை தண்டையார்பேட்டைல புதுசா கடை போட்டுட்டு இனிமே நடுவுல ஆள் வேணாம் நேரா சைனாலேர்ந்தே எடுத்துடலாம்னு கெளம்புற பசங்க, ரெண்டு பேருக்குமே சேத்துதான் இத எழுதுறேன். பேக்கோ பாட்டிலோ ஃபேன்சி ஐட்டமோ, சரக்கு வந்தப்புறம் "சாம்பிள்ல பாத்தது ஒண்ணு, வந்தது ஒண்ணு"ன்னு பொலம்புறவங்கள நெறைய பாத்திருக்கேன். அதுல பாதி பேர் கைல சண்டை போட ஆதாரமே இருக்காது, ஏன்னா வந்த சாம்பிள யாரோ சொந்தக்காரப் பையனுக்கு குடுத்திருப்பாங்க இல்ல கடைல தொங்க விட்டு வித்திருப்பாங்க. சாம்பிள்ங்கறது பாத்துட்டு தூக்கிப் போடுற பொருள் இல்ல. நாளைக்கு தகராறுன்னு வந்தா அது ஒண்ணுதான் நமக்கு சாட்சி.

மொதல் மெசேஜ்லயே ஆரம்பிக்குது தப்பு. "நாங்க மாசம் ஒரு கன்டெய்னர் எடுப்போம், சாம்பிள் ஃப்ரீயா அனுப்புங்க"ன்னு போடுறது. அந்தப் பக்கம் இருக்கற சேல்ஸ் பொண்ணு இதே மெசேஜ தெனம் பாக்குது, பதில் போடாது, போட்டாலும் குடோன் மூலைல கெடக்குற ஏதோ ஒண்ண அனுப்பும். சாம்பிள் காசு, கொரியர் காசு ரெண்டையும் நாங்க தர்றோம், ஆர்டர் போட்டா சாம்பிள் காச பில்லுல கழிச்சுக்கோங்கன்னு கேளுங்க, அத ப்ரோஃபார்மா இன்வாய்ஸ்லயே (ஆர்டருக்கு முன்னாடி அவங்க அனுப்பற மாதிரி பில்லு) ஒரு வரியா எழுதி வாங்கிடுங்க. பெரும்பாலும் ஒத்துப்பாங்க. நம்ம லோகோ போட்ட சாம்பிள்னா அத அச்சடிக்கற ஸ்க்ரீன், மோல்டு காசு தனியா கேப்பாங்க, அது நியாயம்தான்.

அடுத்தது "குட் குவாலிட்டி வேணும்"னு மட்டும் சொல்றது. அப்படி சொன்னா அவனுக்கு எது குட்டோ அதுதான் வரும். ஸ்கூல் பேக் எடுத்துக்கோங்க, துணி 600டி பாலியஸ்டரா 300டி-யா (டி-ன்னா டெனியர், நூலோட கனம்), உள்ள கோட்டிங் என்ன, முதுகு பக்கம் ஃபோம் எத்தன எம்எம், ஜிப் 5ம் நம்பரா 8ம் நம்பரா, புல்லர் மெட்டலா ப்ளாஸ்டிக்கா, தோள் வாரு எவ்ளோ அகலம், மொத்த பேக் எத்தன கிராம், இவ்ளோவும் எழுதணும். அந்த கிராம் ரொம்ப முக்கியங்க. துணியில திருடுனாலும் ஃபோம்ல திருடுனாலும் கடைசில தராசுல தெரிஞ்சிடும், பேக்டரி ஆளுங்களும் வெயிட் கேக்கற பையர்னா கொஞ்சம் ஜாக்கிரதையா இருப்பாங்க.

சாம்பிள் யார் தைக்கிறாங்கன்னும் யாரும் கேக்கறதில்ல. பெரிய பேக்டரில சாம்பிள் ரூம்னு தனியா இருக்கும், அங்க இருக்கறவங்க நல்ல அனுபவம் உள்ள மாஸ்டருங்க, ஒரு பேக்க உக்காந்து பொறுமையா தைப்பாங்க. உங்க அஞ்சாயிரம் பீஸ அவங்க தைக்கப் போறதில்ல, லைன்ல இருக்கறவங்க தைப்பாங்க. அதனால மொதல் சாம்பிள் புடிச்சிருக்குன்னு அதோட ஓகே சொல்லாம, ஆர்டருக்கு வாங்குன அதே துணி அதே ஜிப்புல செஞ்ச ப்ரீ ப்ரொடக்ஷன் சாம்பிள் ஒண்ணு அனுப்பச் சொல்லுங்க, அத பாத்து ஓகே பண்ணப்புறம்தான் பல்க், அதாவது மொத்த ஆர்டர் வேல, ஆரம்பிக்கணும்னு எழுதிடுங்க. சில பேர் பேக்டரியே கெடையாது, வெறும் ட்ரேடிங் கம்பெனி, யிவுங்கற ஊரு ஹோல்சேல் மார்க்கெட்லயோ 1688ங்கற சைனா ஹோல்சேல் சைட்லயோ ஒரு பீஸ் வாங்கி நமக்கு அனுப்பிடுவாங்க. ட்ரேடிங் கம்பெனின்னா தப்புன்னு சொல்லல, சின்ன ஆர்டருக்கு அவங்கதான் சரி, ஆனா அந்த சாம்பிள் வந்த எடத்துலேர்ந்துதான் பல்க்கும் வரும்னு எந்த உத்தரவாதமும் இல்ல. பேக்குக்கு பாய்கௌ, ச்சுவான்ஜோ, ஸ்டீல் பாட்டிலுக்கு யோங்காங்னு ஊர் ஊரா அங்க தொழில் பிரிஞ்சு கெடக்கு, பாட்டில் விக்கிறவன் பேக்டரி அட்ரஸ் எங்கயோ சம்பந்தமில்லாத ஊர்ல இருந்தா ஒரு தடவ வீடியோ கால் போட்டு லைன காட்டச் சொல்லுங்க.

சாம்பிள் ஒரே ஒருத்தர்கிட்ட மட்டும் வாங்காதீங்க, மூணு பேர்கிட்ட வாங்கி ஒரே டேபிள்ல வச்சு பாருங்க. அப்பதான் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

இப்ப டெஸ்ட் பண்றது. கைல புடிச்சு தடவிப் பாத்துட்டு "சூப்பரா இருக்குப்பா"ன்னு சொல்றது டெஸ்ட் இல்ல. காசிமேடு ராயபுரம் பக்கம் இருக்கறவங்களுக்கு நான் சொல்றது இதான், பேக்கோட புல்லர், பக்கிள், கொக்கி எது மெட்டலோ அத மொட்டமாடில கயிறு கட்டி தொங்க விடுங்க, ஒரு மாசம் அப்படியே இருக்கட்டும். நம்ம ஏரியா உப்புக்காத்துல ஜன்னல் கம்பியே பொரிஞ்சு போவுது, சீப் ப்ளேட்டிங் எம்மாத்திரம், மொதல்ல ஓரத்துல பச்சையோ பழுப்போ பூக்கும், அப்புறம் தொட்டா கைல ஒட்டும். லேப்ல இதையே உப்புத் தண்ணி ஸ்ப்ரே பண்ணி பாப்பாங்க, ஐஎஸ்ஓ 9227னு அதுக்கு ஸ்டாண்டர்டே இருக்கு, பெரிய ஆர்டர்னா காசு குடுத்து லேப்லயே பாத்துடுறது நல்லது. கூடவே பேக்ல எட்டு கிலோ அரிசிய போட்டு ஒரே ஒரு வார்ல ரெண்டு நாள் மாட்டி வைங்க, தையல் வாய் தொறக்குதான்னு வார் சேர்ற எடத்துல விரல விட்டு பாருங்க. ஜிப்ப வளைவுல வேகமா இழுங்க, பசங்க அப்படித்தான் இழுப்பாங்க, நேரா இழுத்தா எல்லா ஜிப்பும் ஓடும்.

ஸ்டீல் பாட்டில்ல காந்தம் வச்சு பாக்கறாங்க, ஒட்டலன்னா 304, அதாவது லேசுல துரு புடிக்காத நல்ல கிரேடு ஸ்டீல்னு நம்பிடுறாங்க. 201 கிரேடும் காந்தத்துல ஒட்டாதுங்க. அதுல நிக்கல கம்மி பண்ணி மாங்கனீஸ் சேத்திருப்பாங்க, பாக்க ஒரே மாதிரி பளபளன்னு இருக்கும், வெல கம்மி, துரு சீக்கிரம் புடிக்கும். அதே சமயம் நல்ல 304 கூட அழுத்தி வளைச்ச எடத்துல லேசா ஒட்டும். அதனால 304ஆ 201ஆன்னு காந்தம் சொல்லாது. மாங்கனீஸ் டெஸ்ட் பண்ற சொட்டு மருந்து கிட் கெடைக்குது, இல்ல எக்ஸ்ஆர்எஃப் மெஷின் இருக்கற லேப்ல குடுத்தா என்ன உலோகம் எத்தன சதவீதம்னு சொல்லிடுவாங்க, உள் சுவர் வெளி சுவர் ரெண்டையும் தனித்தனியா பாக்கச் சொல்லணும் ஏன்னா உள்ள 304 போட்டு வெளிய 201 போடுறது சகஜம்.

கஸ்டம்ஸ் விஷயத்துலதான் பாவம் நெறைய பேர் மாட்டிக்கிறாங்க. சப்ளையர் பாசமா "கிஃப்ட்"னு எழுதி அனுப்பறேன்பான், வேணாம்னு சொல்லுங்க. 2019 டிசம்பர்லேர்ந்து போஸ்ட்லயோ கொரியர்லயோ கிஃப்ட்னு க்ளியர் பண்றதே தடை, ராக்கி, உயிர் காக்கற மருந்து இதுக்கு மட்டும்தான் விலக்கு. இன்வாய்ஸ்ல "நோ கமர்ஷியல் வேல்யூ"ன்னு போட்டு ஜீரோ காட்றதும் ஆகாது, ஃப்ரீ சாம்பிளா இருந்தாலும் கஸ்டம்ஸுக்குன்னு ஒரு நியாயமான வெல போட்டே ஆகணும். இருபது டாலர் பொருள ரெண்டு டாலர்னு கொறச்சு எழுதுனா 1962 கஸ்டம்ஸ் சட்டத்துல அது தப்பான டிக்ளரேஷன், பொருளையே புடிச்சு வச்சுக்கலாம், அபராதமும் போடலாம். கமர்ஷியல் சாம்பிளுக்கு டியூட்டி விலக்கு இருக்கு, ஆனா கண்டிஷனோட இருக்கு, உங்க ஐட்டத்துக்கு அது பொருந்துதான்னு பார்சல் கெளம்புறதுக்கு முன்னாடியே ஒரு க்ளியரிங் ஏஜென்ட்கிட்ட கேட்டுடுங்க. தம்பு செட்டி தெரு, லிங்கி செட்டி தெருல நடந்தாலே அஞ்சு போர்டு கண்ல படும்.

ஐஇசி, அதாவது இறக்குமதி ஏற்றுமதி பண்றதுக்கான நம்பர மொதல்லயே எடுத்து வைங்க, டிஜிஎஃப்டி (மத்திய அரசோட வெளிநாட்டு வணிக ஆபீஸ்) சைட்ல ஆன்லைன்லயே 500 ரூவா, உங்க பான் நம்பர்தான் அந்த நம்பரும். வருஷா வருஷம் ஏப்ரல் டு ஜூன் உள்ள போயி அப்டேட் பண்ணணும், ஒண்ணுமே மாறலன்னாலும் மாறலன்னு கன்ஃபார்ம் பண்ணணும், இல்லன்னா டிஆக்டிவேட் ஆயிடும், அது தெரியாம பார்சல் வந்தப்புறம் ஓடுறவங்க இருக்காங்க. ஜிஎஸ்டி ரெஜிஸ்டர் பண்ணவங்க கொரியர் கம்பெனிக்கு உங்க ஜிஎஸ்டி நம்பர முன்னாடியே குடுத்துடுங்க. பில் ஆஃப் என்ட்ரில, அதாவது கஸ்டம்ஸ்ல தாக்கல் பண்ற இறக்குமதி பேப்பர்ல அது ஏறலன்னா, இறக்குமதிக்கு கட்டுன ஐஜிஎஸ்டிக்கு க்ரெடிட் எடுக்க முடியாம தவிப்பீங்க.

எல்லா பொருளும் சாம்பிள்னு சொன்னா உள்ள வந்துடாது. பொம்மைக்கு 2021 ஜனவரிலேர்ந்து பிஐஎஸ் (இந்தியத் தர அமைப்பு) சர்டிபிகேட் கட்டாயம், மொபைல் சார்ஜர் பவர் பேங்குக்கும் பிஐஎஸ் ரெஜிஸ்ட்ரேஷன் வேணும், ஸ்டீல் வாட்டர் பாட்டிலும் இப்ப அந்த லிஸ்ட்ல இருக்கு, ப்ளூடூத் இருந்தா டபிள்யூபிசி, அதாவது வயர்லெஸ் பொருளுக்கு அரசு தர்ற அப்ரூவல் வேணும். மூணு சாம்பிள் எப்படியோ வந்துடுச்சுங்கறதால மூவாயிரம் பீஸ் வந்துடும்னு கணக்கு போடாதீங்க, பிஐஎஸ் லைசென்ஸ் அந்த பேக்டரிகிட்ட இருக்கான்னு கேக்கறதுதான் சாம்பிள் கேக்கறதுக்கும் முன்னாடி கேக்கற கேள்வி. பேட்டரி உள்ள ஐட்டம்னா யுஎன் 38.3ங்கற பேட்டரி பாதுகாப்பு டெஸ்ட் ரிப்போர்ட் இல்லாம கொரியர்காரங்க ஃப்ளைட்லயே ஏத்த மாட்டாங்க.

காசு அனுப்பறப்போ கம்பெனி பேர்ல இருக்கற அக்கவுண்டுக்கு மட்டும் அனுப்புங்க, ப்ரோஃபார்மால இருக்கற பேரும் அக்கவுண்ட் பேரும் ஒண்ணா இருக்கணும். திடீர்னு "பேங்க் மாத்திட்டோம்"னு மெயில் வந்தா பழைய நம்பருக்கே போன் போட்டு கேளுங்க, மெயில ஹேக் பண்ணி பண்ற வேல அது.

நேரமும் பாக்கணும். நமக்கு ஸ்கூல் தொறக்கறது ஜூன், கடைக்காரங்க ஏப்ரல்லயே சரக்கு கேப்பாங்க, கப்பல்ல வரவே ரெண்டு மூணு வாரம், தைக்க ஒரு மாசத்துக்கு மேல. நடுவுல ஜனவரி கடைசி இல்ல பிப்ரவரில சைனா நியூ இயர், பேக்டரி வாரக்கணக்குல மூடிடுவாங்க, ஊருக்குப் போன லேபர்ல ஒரு பகுதி திரும்பி வராது, புது ஆளுங்க வருவாங்க. லீவுக்கு முன்னாடி ஓகே பண்ண சாம்பிள் தரம் லீவுக்கு அப்புறம் தைக்கற சரக்குல அப்படியே இருக்காது. அதனால சாம்பிள் வேலைய தீபாவளி முடிஞ்ச கையோட ஆரம்பிச்சிடுங்க, லீவு முடிஞ்சு லைன் ஓட ஆரம்பிச்சதும் மொதல்ல வர்ற பீஸ்ல ஒண்ண திரும்பவும் அனுப்பச் சொல்லுங்க.

ஓகே பண்ண சாம்பிள் குறைஞ்சது மூணு பீஸ் வேணும். மூணையும் தனித்தனி கவர்ல போட்டு ஒட்டி, ஒட்டுன எடத்து மேல கையெழுத்தும் தேதியும் போட்டு போட்டோ எடுத்துக்கோங்க. ஒண்ணு உங்க பீரோல, ஒண்ணு பேக்டரில, ஒண்ணு லோடு ஏத்துறதுக்கு முன்னாடி செக் பண்ணப் போற இன்ஸ்பெக்ஷன் ஆள்கிட்ட. 30 பர்சன்ட் அட்வான்ஸ் போக மிச்ச 70 பர்சன்ட் காச அந்த இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட் பாத்துட்டு அனுப்புங்க. உங்க பீரோல இருக்கற கவர, அந்த லாட்ல கடைசி பீஸ் வித்து கம்ப்ளெய்ன்ட் வர்ற காலம் முடியற வரைக்கும் பிரிக்காதீங்க.