காக்கா சப்பாத்தியை நனைக்கிறதா? கொல்லையில் பறவை பார்க்கத் தொடங்குவது எப்படி

பைனாகுலர் வாங்க ஓடாதீர்கள். ஒரு நோட்டு, பேனா, கைக்கடிகாரம், உட்கார ஒரு முக்காலி, இவ்வளவு போதும்.

காலை 6.30 மணிக்குக் கொல்லையிலோ மொட்டைமாடியிலோ வெயில் முதுகில் விழும்படி உட்காருங்கள். எதிர்வெயிலில் பார்த்தால் எல்லாப் பறவையும் காக்காதான். முதல் பத்து நிமிடம் எதையும் எழுத வேண்டாம், அவை நம்மைக் கண்டுகொள்ளாமல் இருக்கப் பழகட்டும்.

அப்புறம் தண்ணீர். அகலமான மண்சட்டியில் 2 அங்குலம் போதும், தினமும் மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் கொசுதான் வளரும். அரிசி வைப்பதில் எனக்கு ஆர்வமில்லை, வைத்தால் புறாக்கூட்டம் மொய்க்கும், ஆனால் நாம் பார்க்க வேண்டியது அதது தானாக இரை தேடுவதை. உப்புப் போட்ட மிக்சரெல்லாம் வேண்டவே வேண்டாம்.

இனி ஒரே ஒரு பறவையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை, எங்கே, எப்படி, எதைத் தின்றது என்று மட்டும் எழுதுங்கள். என் நோட்டில் ஒரு வரி இப்படி இருக்கும்: "7.10, மைனா இரண்டு, ஈரப்புல், அலகைச் செருகி உள்ளேயே விரித்தது, புழு." அந்த விரிப்பைக் கவனியுங்கள், மண்ணில் குத்துவதோடு நிற்காமல், அலகைத் திறந்து புல்லை விலக்கி உள்ளே எட்டிப் பார்க்கும். கரிச்சான் வேறு ரகம். மின்கம்பியிலிருந்து பாய்ந்து பூச்சியைப் பிடித்துக்கொண்டு பெரும்பாலும் அதே இடத்துக்கே திரும்பும்.

செம்பருத்தி இருந்தால் தேன்சிட்டுக்காகக் காத்திருங்கள். நேர்வழியில் போகாமல் பூவின் அடியில் ஓட்டை போட்டுத் தேனை உறிஞ்சிவிடும், மகரந்தத்தைத் தொடக்கூட மாட்டாது, சரியான திருட்டு. அது பறந்தபின் பூவைத் திருப்பிப் பாருங்கள், அடியில் சின்னக் கீறல் இருக்கும்.

காக்காவைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். எங்கள் சட்டிக்கு ஒன்று காய்ந்த சப்பாத்தியோடு வந்தது, முக்கியது, எடுத்தது, இன்னும் விறைப்பாக இருந்ததோ என்னவோ மறுபடி முக்கியது, பாதியைத் தின்றுவிட்டு மீதியை ஓட்டுக்கடியில் செருகிவிட்டுப் போனது. தண்ணீர் நாறியதுதான் மிச்சம்.

ஒரு வாரம் பழகியபின் தவிட்டுக்குருவிக் கூட்டத்துக்கு வாருங்கள். எல்லாம் சருகைப் புரட்டிக்கொண்டிருக்கும்போது ஒன்று மட்டும் மேலே கிளையில் தின்னாமல் உட்கார்ந்திருப்பதுண்டு, வல்லூறு வருகிறதா என்று பார்க்கும் காவல் அது. அது எத்தனை நிமிடம் கழித்து இறங்குகிறது, அடுத்து எது ஏறுகிறது, அதை மட்டும் குறித்துக்கொண்டே இருங்கள்.