நுரையைக் கருப்பாக்காதீர்கள்: ஆறு, காடு, குவாரியைப் படமெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கெலவரப்பள்ளி அணையில் மதகைத் திறந்து நுரை பொங்கினால் போதும், ஓசூர்ப் பசங்க கேமராவும் கையுமாகக் கிளம்பிவிடுகிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் எடுத்துவரும் படங்களைப் பார்த்தால், ஆரம்பத்தில் நான் பண்ணிய அதே கூத்து. ஃபோகஸ், கை ஆட்டமெல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும், அதை விடுங்கள்.

நுரையைக் கருப்பாக்குவது

இதைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது. ஃபிரேம் முழுக்க வெள்ளை நுரை இருந்தால் கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் ஏமாந்து அதைச் சாம்பல் நிறமாக்கிவிடும். எக்ஸ்போஷரை, அதாவது உள்ளே விழும் வெளிச்சத்தை, ஒரு ஸ்டாப் (இரண்டு மடங்கு), ஒன்றரை ஸ்டாப் கூட்டினால் தீர்ந்தது. நம் ஆட்கள் அதைச் செய்யாமல், வீட்டுக்கு வந்து கான்ட்ராஸ்டை ஏற்றி, கொஞ்சம் பச்சையும் சேர்த்து 'விஷ நுரை' என்று போடுகிறார்கள். பெங்களூரு பக்கம் தென்பெண்ணையில் கலக்கும் சாக்கடை, சோப்புத் தண்ணீர், ஆலைக்கழிவு எல்லாம் சேர்ந்துதான் மதகில் விழும்போது நுரைக்கின்றன. காற்றில் பறந்து வந்து பைக் சீட்டில் ஒட்டும். குமிழி உடைந்தபின் பிசுக்கும் நாற்றமும் மிஞ்சும். இதற்கு மேல் மசாலா எதற்கு?

தெரிந்த விவசாயி ஒருவர் அப்படி ஒரு படத்தை மனுவோடு கொடுத்தார். அதிகாரி தன் போனில் அதே நாள் வேறொருவர் எடுத்த படத்தைக் காட்டி, "இது எடிட் பண்ணதுங்க" என்றார். அப்புறம் பேச்சு முழுக்கப் படத்தைப் பற்றித்தான். மனு அப்படியே கிடக்கிறது, அவரும் அதே தண்ணீரைத்தான் பாய்ச்சிக்கொண்டிருக்கிறார். தேதி, நேரம் பதிந்த ஒரிஜினல் ஃபைலைத் தொடாமல் வையுங்கள். முடிந்தால் மதகும் நுரையும் ஒரே ஃபிரேமில் வருகிற மாதிரி நில்லுங்கள்.

கிரானைட் குவாரி

அடியில் நிற்கும் லாரியைச் சேர்க்காவிட்டால் பள்ளம் பத்தடியா நூறடியா, யாருக்குத் தெரியும்?

'ஊருக்குள் புகுந்த யானை'

ஓசூர் பக்கம் யானைகள் நடமாடும் சானமாவுக் காட்டை ஒட்டித்தான் கிருஷ்ணகிரி - பெங்களூரு நெடுஞ்சாலை போகிறது. படத்திலிருந்து சாலையை வெட்டிவிட்டு யானையை மட்டும் வைத்தால், குற்றவாளி அதுதான் என்றாகிவிடும். 2023 மார்ச்சில் மாரண்டஹள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்தன. அந்த மாதிரி இடத்தில் கம்பி படத்தில் வராவிட்டால் செய்தியே போச்சு.

ட்ரோன்

காவிரி வடக்கு, தெற்குச் சரணாலயங்களில் வனத்துறை அனுமதி இல்லாமல் ட்ரோனைப் பையைவிட்டு வெளியே எடுக்காதீர்கள்.